எடி ராபின்சன்: ஒரே கல்லூரியில் 57 ஆண்டுகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எடி ராபின்சன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பற்றி, ஒரே கல்லூரிக்கு அவர் காட்டிய விசுவாசம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் என்னிடம் அதே பதினைந்து, பதினாறு சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் நண்பர்கள், அவர்களின் பிள்ளைகள், கல்லூரியில் விளையாடும் சித்தப்பா பையன் என்று பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த எடி ராபின்சன்? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே.

அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்தின் வடக்கே கிராம்ப்ளிங் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி ஒன்று இருக்கிறது, இன்று அதன் பெயர் கிராம்ப்ளிங் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1941ல் 22 வயதில் ஃபுட்பால் பயிற்சியாளராக அங்கே போனவர் 1997 வரை அதே வேலையில் இருந்தார். 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். இடையில் 1943, 1944 இரண்டு வருடமும் இரண்டாம் உலகப் போர் காரணமாகக் கல்லூரிக்கு அணியே இல்லை.

பிறந்தது 1919ல், அதே மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரில். அப்பா குத்தகைக்குப் பயிர் செய்தவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். அவர் வளர்ந்தது பேட்டன் ரூஜில். கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகும் வேலை கிடைக்காமல் அங்கே ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

ஃபுட்பால்னா நம்ம கால்பந்துதானே?

இல்லை. இது அமெரிக்கன் ஃபுட்பால். தலைக்கவசம், தோள்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எதிரணி ஆள் மோதித் தள்ளுவான். இந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும்: குவார்ட்டர்பேக். ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கிவைத்து, யாருக்குப் பந்து போக வேண்டும் என்று முடிவு செய்பவன் அவன்தான். அணியின் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

காலேஜ் டீம் கோச்தானே? நம்ம பி.டி. மாஸ்டர் மாதிரி. அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?

அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது ஊர்த் திருவிழா மாதிரி. பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு ஆட்டத்துக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் கூடுவார்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறைப் போட்டிக்கு ஆள் போவதும் கல்லூரிகளிலிருந்துதான், வேறு வழி கிட்டத்தட்ட இல்லை. அதனால் 18 வயதில் வரும் பையனின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் பயிற்சியாளருக்குப் பெரிய பங்கு உண்டு.

பி.டி. மாஸ்டர் ஒப்பீட்டை நான் தள்ளிவிடவும் மாட்டேன். சொந்தக் காசில் ஷூ வாங்கிக் கொடுத்து, போட்டிக்குக் கூட்டிப்போய், மார்க் குறைந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய ஒரு மாஸ்டர் உங்கள் பள்ளியிலும் இருந்திருப்பார். ராபின்சன் அந்த வகையைச் சேர்ந்த ஆள்தான். அதை 57 வருடம் செய்தார்.

ஆரம்பத்துல அவருக்கு என்ன வசதி இருந்துச்சு?

ஒன்றும் இல்லை. சம்பளம் மாதம் 63 டாலர் 75 சென்ட். மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவரே. ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புவதும் அவரே, ஏனென்றால் கறுப்பினக் கல்லூரி ஆட்டத்துக்கு நிருபரை அனுப்ப யாரும் தயாராக இல்லை. வெளியூர்ப் பயணத்தில் வழியில் இருக்கும் ஓட்டல்கள் இவர்களை உள்ளே விடாது, அதற்காகக் கிளம்புவதற்கு முன்பே ரொட்டியில் சாண்ட்விச் செய்து பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள், அதையும் அவரே செய்திருக்கிறார்.

முதல் வருடம் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த வருடம், 1942ல், ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. இதை நான் சொல்லும்போது யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை.

டீமே போய்ப் பருத்தி எடுத்த கதை நிஜமா?

கிராம்ப்ளிங்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. மேலே சொன்ன போர்க்காலத்தில் கல்லூரி அணி இல்லாததால் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன்களை அவர்களின் அப்பா பருத்தி அறுவடைக்காக நிறுத்திவிட்டார். ராபின்சன் சண்டைக்குப் போகவில்லை. மொத்த அணியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அந்தப் பருத்தி வயலுக்குப் போனார், எல்லோரும் இறங்கிப் பருத்தி எடுத்து முடித்தார்கள், பையன்கள் அணிக்குத் திரும்பினார்கள். அந்த அணி பட்டமும் வென்றது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த அப்பாவை அவர் எதிரியாகப் பார்க்காததுதான். தானே ஒரு குத்தகை விவசாயியின் பிள்ளை, அறுவடை தவறினால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

பிளேயர்ஸ் மேல அவருக்கு அப்படி என்ன செல்வாக்கு? ரொம்ப கண்டிப்பான ஆளா?

கண்டிப்புதான், ஆனால் அது பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியே. காலை ஆறரை மணிக்குக் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு விடுதி வராந்தாவில் ஆட்டிக்கொண்டே நடப்பார். வகுப்புக்குப் போக எழுப்புவதற்கு, பயிற்சிக்கு இல்லை. பயணம் என்றால் கோட்டும் டையும் கட்டாயம். சாப்பாட்டு மேசையில் எப்படி உட்கார வேண்டும், வேலைக்கான நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும், பத்திரிகைக்காரர் கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். வந்த பையன்களில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், இதையெல்லாம் அவர்களுக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரும் படித்துக்கொண்டேதான் இருந்தார். தன் மாநிலத்தில் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் அயோவா பல்கலைக்கழகம் வரை போய் 1954ல் முதுகலைப் பட்டம் வாங்கினார். வில்லி டேவிஸ் என்று ஒரு மாணவர், என்எஃப்எல்லில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஆடி, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் முதல் இரண்டு பட்டங்களையும் வென்றவர். விளையாடிக்கொண்டிருக்கும்போதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்து முடித்து, பிறகு தொழிலதிபர் ஆனார். விடுதி வராந்தாவில் அடித்த அந்த மணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

எத்தனை பேரை என்எஃப்எல்லுக்கு அனுப்பினார்?

தொழில்முறை ஃபுட்பாலுக்கு மொத்தமாக 200 பேருக்கு மேல். அதில் வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், பக் புக்கானன், சார்லி ஜாயினர் நால்வரும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்கள். புக்கானன் 1963ல், அன்று என்எஃப்எல்லுக்கு எதிராக நடந்துவந்த ஏஎஃப்எல் போட்டிக்கான வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார், அதுவரை எந்தக் கறுப்பினக் கல்லூரி மாணவருக்கும் அந்த இடம் கிடைத்ததில்லை.

ஆனால் எண்ணிக்கையை விட முதல் ஆள் போன கதைதான் முக்கியம். பால் யங்கர், 'டாங்க்' என்றால்தான் தெரியும். 1949ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்எஃப்எல்லுக்குப் போன முதல் ஆள். கிளம்பும்போது ராபின்சன் அவரிடம் சொன்னதன் சாரம் இது: நீ தோற்றுத் திரும்பினால் நம் கல்லூரிகளிலிருந்து இன்னொருவனுக்கு வாய்ப்பு வர எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. ஒரு இருபது வயதுப் பையன் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று ஒரு நண்பர் என்னிடம் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. பாரத்தை ஏற்றியது அந்தக் காலம், ராபின்சன் அதை மறைக்காமல் சொன்னார் என்பதுதான் என் பதில். யங்கர் பத்து சீசன் ஆடினார்.

குவார்ட்டர்பேக் பத்தி கீழே வரும்னீங்களே?

வருகிறேன். கறுப்பினப் பையன் வேகமாக ஓடுவான், பலமாக மோதுவான், ஆனால் அணியை நடத்தும் புத்தி இருக்காது என்ற கேவலமான எண்ணம் அன்றைய தொழில்முறை அணிகளில் வேரோடியிருந்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவனைக்கூட அங்கே போனதும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். 1960களின் பிற்பகுதியில் ராபின்சன் இதை உடைத்தே தீருவது என்று ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற மாணவரைத் தயார் செய்தார். 1969ல் பஃபலோ பில்ஸ் அணி ஹாரிஸை வீரர் தேர்வின் எட்டாவது சுற்றில்தான் எடுத்தது. மனம் நொந்து, போகவே வேண்டாமா என்று யோசித்த பையனிடம், போவதாக இருந்தால் போ, ஆனால் கறுப்பன் என்பதால் முடியவில்லை என்று என்னிடம் திரும்பி வந்து சொல்லாதே என்றார். அங்கே அது கடினம் என்று உனக்குத் தெரிந்துதானே போகிறாய் என்பது அதன் பொருள். அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஹாரிஸ் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறங்கினார்.

அப்புறம் டக் வில்லியம்ஸ். 1978ல் டாம்பா பே அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. பல ஏற்ற இறக்கத்துக்குப் பிறகு வாஷிங்டன் அணிக்காக 1988 ஜனவரி 31ல் சூப்பர் பவுல் ஆடினார். முதல் நாள்தான் பல்லில் வேர் சிகிச்சை. ஆட்டத்தில் டென்வர் 10-0 என்று முன்னிலை, நடுவில் இவருக்கு முழங்கால் வேறு பிசகியது. இரண்டாவது கால்பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளி எடுத்தது. முடிவு 42-10, வில்லியம்ஸ் எறிந்த பந்துகளில் 340 கஜம், நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது), ஆட்ட நாயகன் விருது. சூப்பர் பவுலில் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். ராபின்சன் அன்று அரங்கத்திலேயே இருந்தார். 1949லிருந்து 1988 வரை எண்ணிப் பாருங்கள், யங்கருக்குச் சொன்ன வார்த்தை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று புரியும்.

விசுவாசம்னு சொல்றீங்க. வேற இடத்துல யாரும் கூப்பிடாததால அங்கேயே இருந்திருக்கலாம் இல்லையா?

இதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. பாதி உண்மையும் கூட. 1940, 50களில் தெற்கில் இருந்த எந்த வெள்ளையர் பல்கலைக்கழகமும் ஒரு கறுப்பினத்தவரைத் தலைமைப் பயிற்சியாளராக வைக்காது. என்எஃப்எல்லில் 1920களில் ஃபிரிட்ஸ் பொல்லார்டுக்குப் பிறகு 1989ல் ஆர்ட் ஷெல் வரும் வரை ஒரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கூடக் கிடையாது. அதாவது ராபின்சனின் பணிக்காலத்தில் ஏறக்குறைய ஐம்பது வருடம் அந்தக் கதவு மூடியே இருந்தது. இதை மறைத்துவிட்டு விசுவாசம் என்று மட்டும் பேசினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, அப்போது விசுவாசம் எங்கே இருக்கிறது? கட்டாயத்தால் ஒரு இடத்தில் இருப்பவர்கள் பொதுவாக அரை மனதோடு இருப்பார்கள், நாமே பார்த்திருக்கிறோம். இவர் அந்தச் சின்ன ஊர் அணியை 1968ல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனார், 1976ல் டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். மனைவி டோரிஸ், 1941ல் கல்யாணம். தன் உண்மையான சாதனை ஒரே வேலை, ஒரே மனைவி என்பதுதான் என்று அவர் சொல்வார். இன்னொன்று, அவரை வேலைக்கு எடுத்த கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸும் 1936 முதல் 1977 வரை அதே நாற்காலியில் இருந்தவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடவில்லை. தொடக்கத்தில் தோற்ற வருடத்திலேயே ஜோன்ஸ் பொறுமை இழந்திருந்தால் இந்தப் பக்கமே இருந்திருக்காது.

கறுப்பின மக்கள் உரிமைப் போராட்டத்துல அவர் வாய் திறக்கலையாமே?

தெருவில் இறங்கியவர் இல்லை. அமெரிக்கா மேல் நம்பிக்கை வை, உழை, வாய்ப்பு வரும்போது தயாராக இரு என்பதுதான் அவர் பேச்சு. 1960களில் இளைஞர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1967ல் கிராம்ப்ளிங் மாணவர்களே, இங்கே படிப்பை விட விளையாட்டுக்குத்தான் முக்கியத்துவம் என்று போராட்டம் நடத்தினார்கள். அது அவருக்கு வலித்திருக்கும், ஆனால் மாணவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு கல்லூரியின் பெயர் ஃபுட்பாலால் மட்டும் தெரிந்தால் அதில் படிக்க வந்தவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

அதே சமயம் குவார்ட்டர்பேக் கேள்விக்கு நான் எழுதிய பதிலை இன்னொரு தடவை பாருங்கள். ஊர்வலத்தில் போகாதவர்தான், இருபது வருடத் திட்டம் போட்டு ஒரு பொய்யை உடைத்தவரும் அவர்தான்.

சின்னச் சின்ன காலேஜோட ஆடி ஜெயிச்சதுதானே 408?

பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் சேர்க்காத திறமைசாலிகள் எல்லோரும் எங்கே போனார்கள்? கறுப்பினக் கல்லூரிகளுக்குத்தான். வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டில் ஆடினார், ஜெர்ரி ரைஸ் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில் ஆடினார். என்எஃப்எல் வரலாற்றிலேயே தலைசிறந்தவர்கள் பட்டியலில் வரும் இரண்டு பேர், கிராம்ப்ளிங் வருடா வருடம் மோதிய அணிகளில் இருந்தவர்கள். பெயர் சின்னது, ஆட்டம் சின்னதில்லை.

1985 அக்டோபர் 5ல் டல்லாஸில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்றபோது அது 324வது வெற்றி, அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் 'பேர்' பிரையன்ட் வைத்திருந்த 323ஐத் தாண்டினார். 1995ல் 400. பிற்பாடு மினசோட்டாவில் ஜான் கக்லியார்டி என்ற பயிற்சியாளர் 2003ல் 408ஐத் தாண்டி 489 வரை போனார், ஆனால் அவருடையது கிராம்ப்ளிங்கை விடக் கீழ்ப்பிரிவில் ஆடும் கல்லூரி. பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ கணக்கு 409.

பட்டர்னோவும் ஒரே இடத்துல இருந்தவர்தானே? அங்க என்ன ஆச்சுன்னு பார்த்தோமே?

பார்த்தோம். அவருடைய முன்னாள் துணைப் பயிற்சியாளர் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்ததற்காக 2012ல் தண்டிக்கப்பட்டார். விஷயம் காதுக்கு வந்தும் பட்டர்னோ போதுமானதைச் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டில் பல்கலைக்கழகம் அவரை 2011 நவம்பரில் நீக்கியது. அவருடைய 111 வெற்றிகளைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள், 2015ல் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரே இடத்தில் நாற்பது, ஐம்பது வருடம் இருந்தால் அந்த மனிதரைக் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போகும். அது உண்மையான ஆபத்து. அதனால்தான் எத்தனை வருடம் இருந்தார் என்பதை மட்டும் வைத்து நான் யாரையும் மதிப்பதில்லை, அந்த வருடங்களில் பலவீனமானவர்கள் பக்கம் நின்றாரா என்று பார்ப்பேன்.

கடைசியில காலேஜே அவரைத் துரத்தப் பார்த்துச்சாமே?

ஆமாம். 1970களில் தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்க ஆரம்பித்தன. அது நல்ல மாற்றம், அவர் வாழ்நாள் முழுக்க வேண்டியதும் அதுதான், ஆனால் கிராம்ப்ளிங்குக்கு வர வேண்டிய பையன்கள் அங்கே போய்விட்டார்கள். கடைசி மூன்று சீசனும் தோல்விகள் அதிகம், 1996லும் 1997லும் மூன்று மூன்று வெற்றிதான். விதிமீறல்களுக்காகத் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் விசாரணையும் சேர்ந்துகொண்டது. 1996 முடிவில் அவரை அனுப்பிவிடும் பேச்சு வந்தது, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, இன்னொரு சீசன் கொடுத்தார்கள். கடைசி ஆட்டம் 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் பல்கலைக்கழகத்தோடு, அதிலும் தோல்வி.

இரண்டு மூன்று வருடம் முன்பே அவர் விலகியிருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். 78 வயதில் அந்தத் தோல்விகள் அவருக்குத் தேவையில்லை.

அவர்கிட்ட படிச்சவங்க திரும்ப ஏதாவது செஞ்சாங்களா?

அவர் விட்ட இடத்துக்கு வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா, டக் வில்லியம்ஸ். 1998ல் பொறுப்பேற்று, சரிந்துகிடந்த அணியை எடுத்து நிறுத்தி 2000, 2001, 2002 மூன்று வருடமும் கிராம்ப்ளிங் ஆடும் கல்லூரிக் குழுவின் பட்டத்தை வென்றார். சூப்பர் பவுல் நாயகனுக்கு இதைவிடச் சுகமான வேலை எத்தனையோ கிடைத்திருக்கும்.

இந்தக் காலத்துல இப்படி ஒரு கோச் வர முடியுமா?

கஷ்டம். 2021லிருந்து வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி உடனே ஆடலாம். முன்னாள் என்எஃப்எல் நட்சத்திரம் டீயான் சாண்டர்ஸ் பயிற்சியாளராகக் கறுப்பினக் கல்லூரியான ஜாக்சன் ஸ்டேட்டுக்கு 2020ல் வந்து அதைத் தூக்கி நிறுத்தினார், 2022 முடிவில் கொலராடோவுக்குக் கிளம்பினார், முக்கியமான வீரர்களும் கூடவே போனார்கள். பலர் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ராபின்சனுக்கு மூடியிருந்த கதவு சாண்டர்ஸுக்குத் திறந்தது, அவர் போனார். பையன்கள் மாறுவதையும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் உழைப்பில் எத்தனையோ பேர் கோடீஸ்வரர் ஆன பிறகு இப்போதுதான் அவர்கள் கைக்குக் காசு வருகிறது.

ஆனால் நாலு வருடம் ஒரே வராந்தாவில் மணிச் சத்தம் கேட்டு எழுந்த பையனுக்குக் கிடைத்தது, வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுபவனுக்குக் கிடைக்குமா? கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கடைசி நாட்கள் எப்படி?

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே அல்சைமர் நோய் வந்துவிட்டது. 2007 ஏப்ரல் 3ல், 88 வயதில், கிராம்ப்ளிங்குக்குப் பக்கத்து ஊரான ரஸ்டனில் காலமானார். உடலைப் பேட்டன் ரூஜில் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். மூட்டை தூக்கிய தீவன ஆலை இருந்த அதே ஊர். பிறகு கிராம்ப்ளிங்கில் இறுதிச் சடங்கு, ஆயிரக்கணக்கில் கூட்டம், அதில் தலை நரைத்த பழைய வீரர்கள் நிறையப் பேர். 2010ல் அங்கே அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் 20ஆம் எண் நெடுஞ்சாலையில் ரஸ்டன் தாண்டியதும் கிராம்ப்ளிங் என்று பலகை வரும், அங்கே இறங்குங்கள்.